அயர்லாந்தின் சிம்ஃபிசியாட்டமி பெண்கள்: வழக்கா, கருணைத் தொகையா, விசாரணையா?

பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பை வெட்டும் அறுவைதான் சிம்ஃபிசியாட்டமி. அதற்கு ஆளான பெண்களுக்காக 2014 நவம்பர் 10 அன்று அயர்லாந்து அரசு ஒரு கருணைத் தொகைத் திட்டத்தை, அதாவது பொறுப்பை ஏற்காமல் பணம் மட்டும் கொடுக்கும் திட்டத்தைத் திறந்தது. விண்ணப்பிக்கக் கொடுத்த அவகாசம் 20 வேலை நாட்கள். டிசம்பர் 5-ஆம் தேதி கதவு சாத்தப்படும். தக்க காரணம் இருந்தால் மட்டும் ஜனவரி 14 வரை பார்ப்பார்கள். விண்ணப்பிக்க வேண்டியவர்களில் பெரும்பாலானோர் எழுபதைக் கடந்த பாட்டிமார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் பிரசவ அறையில் தங்கள் இடுப்பெலும்புக்கு என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அப்படி ஒரு பெண்ணுக்கு என்னென்ன வழிகள் இருந்தன? வழக்குப் போடலாம். திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். இரண்டும் வேண்டாம், முழு விசாரணை வேண்டும் என்று போராடலாம். ஐ.நா. வரை போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு கதவுகள் திறந்திருந்தது போலத் தெரியும். ஆனால் ஒன்றில் முழுதாக நுழைந்தால் மற்றொன்று மூடிக்கொள்ளும்படிதான் அவற்றை அமைத்திருந்தார்கள். எந்த வழி நல்லது என்பதோடு, இவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று ஏன் ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

நடந்தது என்ன

இடுப்பெலும்பு ஒரு வளையம். அதன் முன்பக்கத்தில், அடிவயிற்றுக்குக் கீழே, இடது வலது எலும்புகளை ஒரு குருத்தெலும்பு இணைத்து வைத்திருக்கும். பிரசவத்தில் குழந்தைக்கு வழி போதவில்லை என்று அந்த இணைப்பை வெட்டி வளையத்தை விரிப்பதுதான் சிம்ஃபிசியாட்டமி. குருத்தெலும்பை விட்டுவிட்டு எலும்பையே அறுத்தால் அது ப்யூபியாட்டமி. சிசேரியன் செய்ய வசதி இல்லாத இடங்களில், தாயும் குழந்தையும் சாகும் நிலையில், கடைசி வழியாக இது இன்றைக்கும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் 1944-ல் இதை மறுபடி கொண்டுவந்த இடம் டப்ளினின் ஹோலிஸ் தெருவில் உள்ள தேசிய மகப்பேறு மருத்துவமனை. அங்கே சிசேரியனுக்கு எந்தக் குறையும் இல்லை. அப்போது மாஸ்டராக, அதாவது தலைமை மருத்துவராக இருந்தவர் அலெக்ஸ் ஸ்பெயின். அவருக்குப் பின் வந்த ஆர்தர் பேரியும் இதைத் தீவிரமாக ஆதரித்தார். அவர்கள் சொன்ன காரணத்தைக் கேட்டால் இன்று தூக்கிவாரிப் போடும். ஒரு பெண்ணுக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் சிசேரியன் செய்வது ஆபத்து என்று அன்று நினைத்தார்கள். அப்படியானால் அவள் கருத்தடையையோ கருத்தடை அறுவையையோ நாட வேண்டி வரும். கத்தோலிக்க அறநெறி அதை ஏற்காது. அரசும் ஏற்கவில்லை, 1935-ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்திருந்தது, 1979-ல்தான் அது ஓரளவு தளர்ந்தது. ஆக, இடுப்பை நிரந்தரமாக விரித்துவிட்டால் அடுத்தடுத்த குழந்தைகளை இயல்பாகப் பெற்றுக்கொள்ளலாம் என்பது கணக்கு. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பேராசிரியர் சாசர் மோயர் போன்ற வெளிநாட்டு நிபுணர்கள் 1950-களின் தொடக்கத்திலேயே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டப்ளினில் இது மெல்லக் குறைந்த பிறகும், வடகிழக்கில் ட்ராஹெடா நகரத்தின் அவர் லேடி ஆஃப் லூர்து மருத்துவமனையில் 1980-களின் தொடக்கம் வரை தொடர்ந்தது. நாடு முழுவதும் சுமார் 1,500 பெண்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

பலருக்கு ஒப்புதல் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு நடக்க முடியவில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியவில்லை, சிறுநீரை அடக்க முடியவில்லை. முதுகுவலியும் இடுப்புவலியும் வாழ்நாள் முழுக்கத் துணைக்கு வந்தன. கணவனோடு சேர்ந்து வாழ்வதே வேதனையானது பற்றி அந்தத் தலைமுறைப் பெண்கள் யாரிடம் வாய் திறந்திருப்பார்கள்? பிரசவம் என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்கள். 1990-களின் இறுதியில் இது பத்திரிகைகளில் வெளிவந்த பிறகுதான் தனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. 2002-ல் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பு உருவானது. இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு வழியிலும் இதுதான் முதலில் வந்து இடிக்கும்.

வழக்கு: ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார்

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும்.

முதல் பெண்ணுக்கு 1969-ல் ட்ராஹெடாவில் பிரசவம். வயது 18. சிசேரியன் செய்து குழந்தையை வெளியே எடுத்த பிறகு இடுப்பு இணைப்பை வெட்டினார்கள். குழந்தை ஏற்கெனவே பிறந்துவிட்டது. அந்தப் பிரசவத்துக்கு அந்த வெட்டு எந்த விதத்திலும் உதவப் போவதில்லை. இவ்வளவு காலம் கழித்து வழக்கை விசாரிப்பது எதிர்த்தரப்புக்கு நியாயமாகாது என்ற தடையே முதலில் குறுக்கே நின்றது. 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு குறுகிய பாதையைத் திறந்துவிட்டது: எந்தச் சூழ்நிலையிலும் நியாயப்படுத்தவே முடியாத செயல் இது என்று நிரூபிக்க முடிந்தால் நடத்திக்கொள்ளலாம். அவர் நிரூபித்தார். 2012-ல் உயர் நீதிமன்றம் 4,50,000 யூரோ கொடுத்தது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்து, தொகையை 3,25,000 யூரோவாகக் குறைத்தது.

இரண்டாவது பெண், ஆவணங்களில் எல்.எஃப். என்று மட்டும் குறிப்பிடப்படுகிறவர். 1963-ல் டப்ளினின் கூம் மருத்துவமனையில், பிரசவ வலி எடுப்பதற்கு முன்பே, முன்னெச்சரிக்கையாக என்று சொல்லி அவருக்கு இதைச் செய்தார்கள். வெளியாளுக்கு இதுவும் அதே அளவு கொடுமையாகத்தான் தெரியும். 2015-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1963-ன் மருத்துவ அறிவைக் கொண்டு பார்த்தால் அந்தச் செயலுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது என்றது தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? அயர்லாந்தில் மருத்துவ அலட்சியத்துக்கான அளவுகோலை 1989-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. (அந்த வழக்கும் இதே ஹோலிஸ் தெரு மருத்துவமனை மீதுதான் என்பது வேடிக்கை.) அந்தக் காலத்தில் மருத்துவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டு செய்துவந்த முறை என்றால் அது தற்காப்பாகிவிடும், யாருக்கும் கண்கூடாகத் தெரியும் குறை அந்த முறையிலேயே இருந்தால்தான் உடையும். தனியொரு மருத்துவரின் தவறைப் பிடிக்க இந்த அளவுகோல் சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு மருத்துவமனையின் தலைமையே சேர்ந்து தவறான ஒன்றை வழக்கமாக்கிவிட்டால், அந்த வழக்கமே அவர்களுக்குக் கேடயமாகிறது. எத்தனை பேருக்குச் செய்தார்களோ அந்த அளவுக்குத் தற்காப்பு பலமாகிறது. இதைவிடத் தலைகீழான நிலை இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடைமுறைச் சிக்கல்கள். மருத்துவர் இறந்திருப்பார். செவிலியர் இருக்க மாட்டார். கேஸ் ஷீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெளிநாட்டிலிருந்து நிபுணர் சாட்சி வர வேண்டும். எழுபத்தைந்து வயதுப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறி, அந்தரங்க வாழ்க்கை முழுவதையும் குறுக்கு விசாரணைக்குக் கொடுக்க வேண்டும். தோற்றால் செலவு தலையில் விழும் என்ற பயம் வேறு.

இத்தனைக்கும் மேலே வழக்கில் கிடைக்கிற ஒன்று வேறெங்கும் கிடைக்காது. 'இது தவறு' என்று ஒரு நீதிபதி பெயர் சொல்லி, காரணம் எழுதி, பொதுவில் அறிவிப்பது. 2012 தீர்ப்பு அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் உதவவில்லை. அதற்கு முன் 'அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்று தோளைக் குலுக்கியவர்கள் அதன் பிறகு கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டியிருந்தது.

காலவரம்பை நீக்கியிருந்தால்?

காலவரம்பு என்பது, சம்பவம் நடந்து எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சட்டம் வைக்கும் எல்லை. அதை நீக்கும் வழி திறக்கவே இல்லை, ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஷின் ஃபெய்ன் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் கீவீன் ஓ கேலான் 2013-ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சிம்ஃபிசியாட்டமி வழக்குகளுக்கு மட்டும் காலவரம்பை ஓர் ஆண்டுக்கு விலக்கிவைப்பது அதன் சாரம். ஏப்ரலில் இரண்டாம் வாசிப்பை எதிர்ப்பே இல்லாமல் தாண்டியது. எல்லாக் கட்சியும் கைதட்டின. பிறகு அரசு சட்ட ஆலோசனையைக் காட்டி அதைக் கிடப்பில் போட்டது. அதற்குப் பதிலாக வேறு வழி பார்க்கச் சொல்லி ஓய்வுபெற்ற நீதிபதி இவோன் மர்ஃபியை நியமித்தது.

முன்மாதிரி இல்லாத கோரிக்கை அல்ல இது. குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக 2000-ஆம் ஆண்டிலேயே அயர்லாந்து காலவரம்புச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. மசோதா நிறைவேறியிருந்தால் எல்லோரும் ஜெயித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, எல்.எஃப். தோற்றது மருத்துவ அளவுகோலில், காலத்தில் அல்ல. ஆனால் மருத்துவமனைகளும் அவர்களுடைய காப்பீட்டு நிறுவனங்களும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான வழக்குகள் வரிசையில் நிற்கும்போது எவரும் சமரசம் பேசத்தான் பார்ப்பார்கள். அந்தப் பிடி பெண்கள் கையில் வரவே இல்லை.

கருணைத் தொகைத் திட்டம்

மர்ஃபி அறிக்கை பரிந்துரைத்தபடி அரசு கொண்டுவந்த திட்டம் எளிமையானது. மதிப்பீட்டாளர் ஓய்வுபெற்ற நீதிபதி மாரீன் ஹார்டிங் கிளார்க். மூன்று தட்டுகள்: அறுவை நடந்தது உறுதியாகி, பெரிய ஊனம் இல்லையென்றால் 50,000 யூரோ, குறிப்பிடத்தக்க ஊனம் இருந்தால் 1,00,000, ப்யூபியாட்டமி என்றாலோ, சிசேரியன் செய்த கையோடு இடுப்பையும் வெட்டியிருந்தாலோ 1,50,000.

590 பேர் விண்ணப்பித்தார்கள். 399 பேருக்குக் கிடைத்தது. அதில் 216 பேருக்கு முதல் தட்டு, 168 பேருக்கு இரண்டாவது, 15 பேருக்கு மூன்றாவது. மொத்தம் மூன்று கோடி யூரோவுக்குச் சற்றுக் குறைவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் அலட்சியமாக நடந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. அறுவை நடந்தது என்று காட்டினால் போதும். எல்.எஃப். வழக்கில் முட்டுக்கட்டையாக நின்ற கேள்வியே இங்கே எழாது. குறுக்கு விசாரணை கிடையாது. வழக்கறிஞர் செலவைத் திட்டமே தனியாகக் கொடுத்தது. பழைய பிரசவப் பதிவேடு கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுத்து, இணைப்பு இன்னும் விலகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பணம் வந்தது, அந்தப் பெண்கள் உயிரோடு இருக்கும்போதே வந்தது. எண்பது வயதில் இது சின்ன விஷயமில்லை. படிக்கட்டுக்குப் பதில் லிஃப்ட் வைக்கலாம், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், பேரப் பிள்ளைக்கு ஏதாவது செய்யலாம். 'பணம் என்ன பெரிய பணம், உண்மை வேண்டும்' என்று வெளியே இருப்பவர்கள் சொல்வது சுலபம்.

சரி, கெட்டது? அவகாசத்தைப் பற்றி முன்பே சொன்னேன். ஐம்பது வருடப் பழைய ஆவணத்தைத் தேடி எடுக்க நான்கு வாரம் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? தொகைகளும் அப்படித்தான். நீதிமன்றம் 3,25,000 யூரோ என்று மதிப்பிட்ட அதே வகைக் காயத்துக்கு, அதாவது சிசேரியனுக்குப் பின் வெட்டியதற்கு, இங்கே உச்சவரம்பு அதில் பாதியைக்கூடத் தொடாது. பெரும்பான்மைக்கு வந்தது முதல் தட்டு.

ஆனால் என் கண்ணில் ஆகப்பெரிய குறை இவை எதுவும் அல்ல. பணத்தை ஏற்கும்போது எழுதிக் கொடுக்க வேண்டிய பத்திரம்தான். அரசு, மருத்துவமனை, மருத்துவர், மருத்துவமனையை நடத்திய மதச் சபை என்று எவர் மீதும் இனி வழக்கு இல்லை என்று அதில் கையெழுத்திட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. திட்டமே பொறுப்பை ஏற்காமல் கொடுக்கும் தொகை என்றுதான் தொடங்குகிறது. கேட்டவர்களுக்கு மன்னிப்புக்கூடச் சரியாக வரவில்லை. மதச் சபைகள் நடத்திய மக்டலீன் சலவை நிலையங்களில் அடைத்துவைத்து வேலை வாங்கப்பட்ட பெண்களிடம் பிரதமர் எண்டா கென்னி 2013 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நின்று அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார், பிறகுதான் அவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் வந்தது. அந்த வரிசையை இவர்களுக்கும் கடைப்பிடித்திருக்கலாம்.

ஒரு நுணுக்கம் மட்டும் விண்ணப்பதாரருக்குச் சாதகமாக இருந்தது. விண்ணப்பித்தவுடனே உரிமை போகாது. தொகை என்ன என்று தெரிந்து, அதை ஏற்கும் கட்டத்தில்தான் கையெழுத்து. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். யோசித்து முடிவெடுக்க இது உண்மையிலேயே உதவும் ஏற்பாடு.

விசாரணை: ஒரே ஊர், ஒரே நீதிபதி, இரண்டு முறை

விசாரணை நடத்தினால் காலம் போகும், வயதானவர்கள் இறந்துவிடுவார்கள், அதனால் நேரே பணத்தைக் கொடுத்துவிடுவதே மனிதாபிமானம் என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான வாதம் போலத்தான் படும். ஆனால் அயர்லாந்தே இதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு வேறு விதமாகச் செய்து பார்த்திருந்தது. அதுவும் ட்ராஹெடாவிலேயே, அதே லூர்து மருத்துவமனையிலேயே.

மைக்கேல் நீரி என்ற மகப்பேறு மருத்துவர் அங்கே பிரசவத்தின்போதும் பிரசவத்தை ஒட்டியும் பெண்களின் கருப்பையைத் தேவையில்லாமல் அகற்றிவந்தார். 25 ஆண்டுகளில் அந்த மருத்துவமனையில் நடந்த 188 அறுவைகளில் 129 அவர் கணக்கில் சேர்ந்தவை. 1998-ல் ஒரு மருத்துவச்சி சொன்னதில்தான் விஷயம் வெளியே வந்தது. முதலில் மூன்று சக மருத்துவர்கள் பார்த்துவிட்டு அவர் தொழிலைத் தொடரலாம் என்றார்கள். பிரிட்டனிலிருந்து வந்த நிபுணர் பார்த்ததும் நிலைமை மாறியது. 2003-ல் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. பிறகு அரசு விசாரணை அமைத்தது. நடத்தியவர் அதே மாரீன் ஹார்டிங் கிளார்க்.

2006-ல் வந்த அவருடைய அறிக்கையைப் படித்தவர்களுக்கு விசாரணை என்றால் என்ன என்று புரியும். ஒரு மருத்துவரைக் குற்றம் சொல்வதோடு அது நிற்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தவர், செவிலியர், நிர்வாகம் என்று இத்தனை பேர் கண்ணெதிரே இருந்தும் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டது. பல பெண்களின் கேஸ் ஷீட்டுகள் காணாமல் போனது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே எடுக்கப்பட்டவை என்று கண்டறிந்தது. இழப்பீட்டுத் திட்டம் அதன் பிறகு, 2007-ல் வந்தது. அதிலும் குறை இருந்தது: வயது வரம்பு வைத்துச் சிலரை வெளியே தள்ளினார்கள், அவர்கள் தனியாகப் போராட வேண்டி வந்தது. ஆனாலும் பணம் வாங்கிய பெண்ணின் கையில், தனக்கு நடந்தது என்ன என்று அரசே எழுதிய ஒரு புத்தகமும் இருந்தது.

சிம்ஃபிசியாட்டமிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பேராசிரியர் ஊனா வால்ஷ் எழுதிய ஓர் ஆய்வறிக்கை இருக்கிறது. சுகாதாரத் துறை கேட்டு எழுதியது. 2012-ல் வரைவு, 2014-ல் இறுதி வடிவம். வரைவை ஆவணங்களை மட்டும் வைத்து எழுதினார், பெண்களைக் கேட்டது அடுத்த கட்டத்தில்தான். யாரையும் அழைத்துச் சாட்சி வாங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது வரலாற்று ஆய்வு, விசாரணை அல்ல.

இந்த இடைவெளி என்ன செய்தது தெரியுமா? 2016-ல் திட்டம் முடிந்து வந்த ஹார்டிங் கிளார்க்கின் இறுதி அறிக்கை, யாருக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல் வரலாற்றையும் பேசியது. மத நோக்கத்தால் செய்தார்கள் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. பல பெண்களின் நினைவுக்கும் ஆவணத்துக்கும் பொருந்தவில்லை என்றது. அது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. பணம் தரலாமா என்று பார்க்க அமைத்த ஏற்பாடு ஒன்று, எதிர்த்தரப்பையோ மருத்துவமனைகளையோ பொதுவில் நிறுத்திக் கேட்காமல், வரலாற்றின் மீதும் கடைசி வார்த்தை சொன்ன மாதிரி ஆனது. பெண்கள் கொதித்ததில் ஆச்சரியம் என்ன?

அதே ஆண்டு இன்னொன்று. விண்ணப்பத்தோடு கொடுத்த ஆவணங்களைத் திரும்பக் கேட்காவிட்டால் அழித்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். தனியுரிமைக்காகத்தான் என்றார்கள். எக்ஸ்ரே, பதிவேட்டு நகல், வாக்குமூலம் என்று இந்த விஷயத்தில் நாட்டிலேயே பெரிய தொகுப்பு ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. பின்னால் எப்போதாவது விசாரணை வந்தால் எதை வைத்து நடத்துவது?

ஐ.நா.வும் ஐரோப்பிய நீதிமன்றமும்

சுருக்கமாகவே சொல்லலாம். 2014 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைக் குழு தெளிவாகவே சொன்னது: தாமதமில்லாத, சுதந்திரமான, முழுமையான விசாரணை நடத்துங்கள், குற்றவாளிகள் இருந்தால் தண்டியுங்கள், ஒவ்வொருவரின் பாதிப்புக்கும் ஏற்ற இழப்பீடு கொடுங்கள், கருணைத் தொகையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் நீதிமன்றக் கதவு திறந்திருக்கட்டும். 2017-ல் சித்திரவதைக்கு எதிரான குழுவும் விசாரணையைக் கேட்டது. அரசு காது கொடுத்துக் கேட்டது, அவ்வளவுதான். இந்தக் குழுக்களிடம் போலீஸும் கிடையாது, கருவூலமும் கிடையாது. எல்.எஃப். உள்ளிட்ட மூவர் ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 இறுதியில் மனுக்கள் ஏற்கப்படவில்லை. அரசின் பொறுப்பு பற்றிய வாதத்தை உள்நாட்டு நீதிமன்றங்களில் முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டும் என்பது முக்கியக் காரணம்.

ஒரு தனிப் பெண்ணுக்கு இந்த வழியால் நேரடிப் பயன் இல்லை. ஆனால் ஐ.நா. குழுவின் அந்தக் கடைசி வரி, பணம் வாங்கினாலும் நீதிமன்றக் கதவு திறந்திருக்கட்டும் என்பது, இந்த முழு விவகாரத்திலும் யாரும் சொன்னதில் சரியான வரி என்று நினைக்கிறேன்.

யாருக்கு எது

அந்த 20 நாட்களுக்குள் ஒரு பெண் என்னிடம் கேட்டிருந்தால், திட்டத்தில் விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். கையெழுத்துக் கடைசியில்தான் என்பதால் விண்ணப்பிப்பதில் இழப்பு இல்லை. மதிப்பீடு வந்த பிறகு நிதானமாக யோசிக்கலாம். முதல் தட்டில் வந்து, ஆவணமும் பலவீனமாக இருந்து, வலி வரும் முன்பே செய்த முன்னெச்சரிக்கை அறுவை என்றால், பணத்தை ஏற்பதுதான் புத்திசாலித்தனம். எல்.எஃப். வழக்கு என்ன ஆனது என்று பார்த்தோம். சிசேரியனுக்குப் பின் வெட்டினார்கள் என்று ஆவணம் தெளிவாகச் சொல்கிறது, உடம்பிலும் தெம்பு இருக்கிறது, பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றால் மட்டும் வழக்கு. 2012 தீர்ப்பு அந்த ஒரு சூழலில்தான் வழி காட்டுகிறது. 85 வயதில், ஆரோக்கியமும் இல்லாதவரை 'கொள்கைக்காகக் கோர்ட்டுக்குப் போங்கள்' என்று தூண்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. போராட்டத்தின் பாரத்தை அதிகம் காயப்பட்டவர் தலையிலேயே ஏற்றுவது அது.

அரசுக்கு என்றால் பதில் வேறு. அதற்கு எண்பது வயதாகவில்லை. அது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதை விட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணத்தை உடனே கொடுத்திருக்கலாம், அந்தப் பத்திரம் கேட்காமலே. பின்னால் வழக்கில் ஜெயித்தால் கொடுத்த தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்ற ஒரே ஒரு நிபந்தனை போதுமானது. ஓர் ஆண்டுக்குக் காலவரம்பை விலக்கியிருந்தால், விரும்பிய சிலர் மட்டும் போயிருப்பார்கள்; எல்லோரும் ஓடியிருக்க மாட்டார்கள். விசாரணையைத் தனியாக, பணத்தோடு முடிச்சுப் போடாமல், அதன் வேகத்தில் நடத்தியிருக்கலாம். நீரி விவகாரத்தில் செய்த நாடுதானே.

செலவு அதிகமாகியிருக்குமா? ஆகியிருக்கும். ஆனால் பத்திரத்தால் மிச்சப்பட்டது யார் பணம் என்று பாருங்கள். கருணைத் தொகை பொதுப் பணத்திலிருந்து போனது. வழக்கு வந்திருந்தால் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் மருத்துவமனைகள், அவர்களுடைய காப்பீட்டாளர்கள். வரி கட்டுபவர் பணத்தைக் கொடுத்து அவர்களுக்கு விடுதலை வாங்கித் தந்திருக்கிறது அரசு.

இந்தக் கணக்கு இன்னும் முடிந்துபோன கதையல்ல. பிரசவத்தால் தளர்ந்த இடுப்புத் தசையைத் தாங்கவும் சிறுநீர்க் கசிவைச் சரிசெய்யவும் பொருத்திய மெஷ் வலைகளால் பாதிக்கப்பட்ட பெண்கள் அயர்லாந்தில் இருக்கிறார்கள்; 2018-ல் அந்த அறுவையை நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்கு ஏதாவது திட்டம் என்று ஒரு நாள் வந்தால், தொகை எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள்: விண்ணப்பிக்க எத்தனை மாதம் கொடுக்கிறார்கள், பணத்தோடு என்ன பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், கொடுத்த ஆவணங்கள் கடைசியில் யார் கையில் இருக்கும்.